அமெரிக்காவில் கஞ்சா வழக்கு மேல்முறையீட்டுக்குப் போகும்போது

2003 ஜனவரி இறுதியில், சான் பிரான்சிஸ்கோவில் உள்ள ஃபெடரல் நீதிமன்றத்தில், அதாவது அமெரிக்க மத்திய அரசின் நீதிமன்றத்தில், எட் ரோசென்தால் என்பவரைக் குற்றவாளி என்று ஜூரி அறிவித்தது. கஞ்சா வளர்ப்பைப் பற்றி எழுதிப் பெயர் பெற்ற அவர், ஓக்லாந்து நகரில் நோயாளிகளுக்குக் கஞ்சா வழங்குவதற்காகச் செடிகளை வளர்த்திருந்தார். மருத்துவத் தேவைக்கான கஞ்சாவைக் கலிஃபோர்னியா மாநில வாக்காளர்கள் 1996-லேயே அனுமதித்திருந்தனர். ஓக்லாந்து நகராட்சி இன்னும் ஒரு படி மேலே சென்று, இந்தப் பணியைச் செய்தவர்களைத் தன்னுடைய அலுவலர்களாகவே கருதுவதாக விதி செய்திருந்தது. இந்த விவரங்களை ஜூரியின் முன் வைக்க நீதிபதி அனுமதிக்கவில்லை. தீர்ப்பைச் சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகு முழு விவரத்தையும் அறிந்த ஜூரர்கள் சிலர் வெளிப்படையாகவே வருந்தினார்கள். ஐந்தாண்டுக் கட்டாயச் சிறைக்கு இடமிருந்த அந்த வழக்கில் நீதிபதி விதித்தது ஒரே ஒரு நாள் சிறை.

மாநிலம் சரி என்று சொன்ன செயலுக்காக மத்திய அரசு ஒருவரைக் கூண்டில் ஏற்றுகிறது. மாநிலம் சரி என்று சொன்னதை அவர் வாய் திறந்து சொல்லவும் முடியவில்லை. படிப்பவருக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் அன்றைய சட்டப்படி நீதிபதி செய்ததில் பெரிய பிழை இல்லை. அது ஏன் என்று புரிந்துகொண்டால், இத்தகைய வழக்குகள் மேல்முறையீட்டுக்குப் போகும்போது எந்த வாதம் எடுபடும், எது எடுபடாது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். இந்தியாவில் சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றமா, மாநிலச் சட்டமன்றமா என்ற வேறுபாடு நீதிமன்றப் படிக்கட்டை மாற்றுவதில்லை. எந்தச் சட்டத்தின் கீழ் வந்த குற்ற வழக்கானாலும் கீழமை நீதிமன்றத்தில் தொடங்கி, உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றத்துக்கு ஒரே பாதையில்தான் ஏறும். அமெரிக்காவில் படிக்கட்டுகள் இரண்டு. மாநிலக் குற்றத்தை மாநில அரசு வழக்கறிஞர் மாநில நீதிமன்றத்தில் நடத்துவார். அதன் மேல்முறையீடு மாநில உச்ச நீதிமன்றம் வரை செல்லும். மத்தியச் சட்டத்தை மீறிய குற்றம் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். சர்க்யூட் என்பது சில மாநிலங்களைச் சேர்த்து வகுத்த பகுதி. கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் ஒன்பதாம் சர்க்யூட்டில் வருகின்றன, மெயின் மாநிலம் முதலாம் சர்க்யூட்டில் வருகிறது. இரு படிக்கட்டுகளுக்கும் மேலே வாஷிங்டன் நகரில் உச்ச நீதிமன்றம் இருந்தாலும், அது தான் விரும்பி எடுத்துக்கொள்ளும் மிகச் சில வழக்குகளையே கேட்கிறது. ஒரே செயலுக்காக மாநிலமும் மத்திய அரசும் தனித்தனியே வழக்குத் தொடுக்கலாம், அது ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிப்பது ஆகாது என்பதை அந்நீதிமன்றம் 2019-இல் கேம்பிள் வழக்கில் 7-க்கு 2 என்ற கணக்கில் மீண்டும் உறுதிசெய்தது.

இந்த இரட்டை அமைப்புக்குள் போதைப்பொருள் சட்டங்களும் இரண்டாகவே இருக்கின்றன. 1970-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம், போதைப்பொருள்களை ஐந்து அட்டவணைகளாகப் பிரித்து, கஞ்சாவை மிகக் கடுமையான முதல் அட்டவணையில் ஹெராயினோடு சேர்த்து வைத்தது. மாநிலங்கள் தங்களுக்கென்று தனி அட்டவணைகள் வைத்திருக்கின்றன. 1996-இல் கலிஃபோர்னியா மருத்துவத் தேவைக்கும், 2012-இல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் வெறும் இன்பத்துக்காகப் புகைப்பதற்கும் கஞ்சாவை அனுமதித்தபோது, அவை மாற்றியது தத்தம் மாநிலத் தண்டனைச் சட்டத்தை மட்டுமே. மத்தியச் சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தொட அவற்றுக்கு அதிகாரம் இல்லை. அரசமைப்பின் ஆறாவது பிரிவு, மத்தியச் சட்டமே நாட்டின் தலையாய சட்டம், மாநிலச் சட்டம் அதனோடு மோதினால் மாநிலச் சட்டமே விலகிக்கொள்ள வேண்டும் என்கிறது.

அப்படியானால் மாநிலங்களின் கஞ்சா அனுமதிச் சட்டங்கள் செல்லாதவையாகிவிட வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். ஆகவில்லை, அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மத்திய அரசின் சட்டத்தை அமலாக்கும் வேலையை மாநில அலுவலர்கள் தலையில் கட்டக்கூடாது என்று 1997-இல் பிரின்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே ஒரு மாநிலம் 'கஞ்சாவை நான் இனித் தண்டிக்கமாட்டேன்' என்று ஒதுங்கிக்கொண்டால், தண்டித்தே ஆக வேண்டும் என்று யாரும் அதைக் கட்டாயப்படுத்த முடியாது. மேலும், 1970 சட்டத்திலேயே, இந்தத் துறை முழுவதையும் மத்திய அரசு தனக்கே எடுத்துக்கொள்ளவில்லை என்றும், இரு சட்டங்களும் சேர்ந்து நிற்கவே முடியாத அளவுக்கு நேரடி மோதல் இருந்தால்தான் மாநிலச் சட்டம் விலக வேண்டும் என்றும் ஒரு பிரிவு சொல்கிறது. ஆகவே இரண்டு சட்டங்களும் உயிரோடு இருக்கின்றன. மாநில அனுமதி மாநிலப் போலீசிடமிருந்து காப்பாற்றும். மத்திய அரசின் போதைப்பொருள் அமலாக்க முகமையிடமிருந்து காப்பாற்றாது.

இந்த இடத்தில் ஒரு மறுவாதம் எழுகிறது. அமெரிக்க மத்திய அரசுக்குப் பொதுவான குற்றவியல் அதிகாரம் கிடையாது. அரசமைப்பு பெயர் குறிப்பிட்டுக் கொடுத்த அதிகாரங்கள் மட்டுமே உண்டு. போதைப்பொருள் சட்டம் நிற்பது, மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் மேல். தன் வீட்டுக் கொல்லையில் தன் நோய்க்காக ஒருவர் வளர்க்கும் செடி, யாருக்கும் விற்கப்படாமல், மாநில எல்லையைத் தாண்டாமல் இருக்கும்போது, அது எப்படி மாநிலங்களுக்கு இடையிலான வணிகமாகும்? 2005-இல் கொன்சாலஸ் எதிர் ரெய்ச் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த கேள்வி இதுதான். மத்திய அரசின் ஆட்கள் ஒரு நோயாளியின் வீட்டுக்கு வந்து அவர் வளர்த்திருந்த ஆறு செடிகளை அழித்துவிட்டுப் போனதிலிருந்து தொடங்கிய வழக்கு அது. அவர் செய்தது கலிஃபோர்னியா சட்டப்படி சரியானதே என்பதை, உடன் வந்திருந்த உள்ளூர் அலுவலர்களே ஒப்புக்கொண்டிருந்தனர்.

நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் மத்திய அரசின் பக்கம் நின்றது. அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டது 1942-ஆம் ஆண்டின் ஒரு கோதுமை வழக்கு. ஒஹாயோ மாநிலத்து விவசாயி ஒருவர் தனக்கு ஒதுக்கப்பட்ட 11.1 ஏக்கருக்குப் பதிலாக 23 ஏக்கரில் கோதுமை விதைத்துவிட்டு, மிகுதியானது தன் பண்ணைத் தேவைக்குத்தான் என்று வாதிட்டார். ஒவ்வொரு விவசாயியும் இப்படித் தன் தேவைக்குத் தானே விளைவித்துக்கொண்டால் சந்தையில் கோதுமையின் தேவை குறைந்து நாடு முழுவதும் விலை பாதிக்கப்படும் என்று சொல்லி, அன்று நீதிமன்றம் அவர் வாதத்தைத் தள்ளியது. வீட்டுக் கஞ்சாவுக்கும் அதே கணக்குதான் என்றார் ரெய்ச் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ். ஆறு செடிக்கும் ஒரு நாட்டின் சந்தைக்கும் முடிச்சுப் போடும் இந்தத் தர்க்கம் இழுத்துப் பிடித்தது போல எனக்குத் தோன்றினாலும், இன்றுவரை சட்டம் இதுவே. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி தாமஸ், 2021-இல் வேறொரு வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள மறுத்தபோது, ஒரே நேரத்தில் பொறுத்துக்கொள்ளவும் தடை செய்யவும் செய்கிற இந்த அரைகுறை ஏற்பாட்டைப் பார்த்தால் ரெய்ச் தீர்ப்பின் அடிப்படையே ஆட்டம் கண்டிருக்கலாம் என்ற பொருள்பட எழுதினார். ஆயினும் ஒரு நீதிபதியின் தனிக் குறிப்பு தீர்ப்பாகிவிடாது.

ரெய்ச்சுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2001-இல், மற்றொரு வாசலும் அடைக்கப்பட்டிருந்தது. நோயாளியின் உயிருக்குத் தேவையாக இருந்தது என்ற வாதத்தை, கஞ்சா தயாரிப்பு, விநியோகக் குற்றச்சாட்டுகளுக்கு மத்தியச் சட்டம் ஏற்காது என்று ஓக்லாந்து கூட்டுறவுச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக முடிவு செய்தது. ரோசென்தாலின் ஜூரிக்கு விவரங்கள் மறைக்கப்பட்டதன் பின்னணி இதுதான். சட்டம் தற்காப்பு வாதமாக ஏற்காத ஒன்றைப் பற்றிய சாட்சியம் வழக்குக்குப் பொருந்தாத சாட்சியம்; பொருந்தாததை ஜூரி கேட்கக்கூடாது. மேல்முறையீட்டில் ரோசென்தால் இன்னொரு பிரிவையும் காட்டினார்: போதைப்பொருள் தொடர்பான எந்தச் சட்டத்தையோ நகராட்சி விதியையோ முறைப்படி அமலாக்கும் அலுவலர்கள்மேல் வழக்கு இல்லை என்று 1970 சட்டம் சொல்கிறது. மாறுவேடத்தில் போய்ச் சரக்கு வாங்கும் போலீஸ்காரரைக் காப்பதற்கான பிரிவு அது. ஓக்லாந்து நகரம் என்னை அலுவலராக்கியதே என்றார் அவர். செடி வளர்ப்பது சட்டத்தை அமலாக்குவது ஆகாது என்று ஒன்பதாம் சர்க்யூட் மறுத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 2006-இல் அவருடைய தண்டனை ரத்தாகத்தான் செய்தது. ஆனால் அதற்குக் காரணம் மாநிலச் சட்டம் இல்லை. ஜூரர் ஒருவர் ஆலோசனை நடந்துகொண்டிருந்தபோது வெளியே இருந்த வழக்கறிஞர் நண்பரிடம் கருத்துக் கேட்டது அம்பலமானதால் அந்தத் தீர்ப்பு விழுந்தது. 2007-இல் மறுவிசாரணையில் அவர் மீண்டும் குற்றவாளி என்றே அறிவிக்கப்பட்டார்.

இதுவரை சொன்னதை மட்டும் பார்த்தால் மாநிலச் சட்டத்துக்கு ஃபெடரல் நீதிமன்றத்தில் இடமே இல்லை என்று தோன்றும். தற்காப்பு என்ற முன்வாசலில் இடமில்லை என்பது உண்மை. ஆனால் பின்வாசல்கள் திறந்திருக்கின்றன. மேல்முறையீட்டில் உண்மையான போர் அங்கேதான் நடக்கிறது.

அவற்றில் முதலாவது பணத்தின் வாசல். 2014 டிசம்பரில் காங்கிரஸ், அந்த ஆண்டின் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு சிறு பிரிவைச் சேர்த்தது. மருத்துவக் கஞ்சாவை அனுமதிக்கும் சட்டங்களை மாநிலங்கள் செயல்படுத்துவதைத் தடுப்பதற்கு நீதித்துறை அமைச்சகம் இந்தப் பணத்தைச் செலவிடக்கூடாது என்பதே அதன் சாரம். கஞ்சா குற்றமில்லை என்று அது சொல்லவில்லை. 1970 சட்டத்தை அது தொடவுமில்லை. தனிமனிதர்மேல் வழக்குப் போடுவது மாநிலத்தைத் தடுப்பதாகாது என்று அமைச்சகம் சாதித்தது. 2016 ஆகஸ்டில், கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்களிலிருந்து வந்த பல வழக்குகளை ஒன்றாகச் சேர்த்து விசாரித்த ஒன்பதாம் சர்க்யூட், மெக்கின்டாஷ் தீர்ப்பில் அந்த வாதத்தை நிராகரித்தது. மாநிலம் அனுமதித்ததைச் செய்தவர்களைச் சிறையில் தள்ளினால், மாநிலத்தின் அனுமதியையே செல்லாக் காசாக்கியதாகும் என்பது அதன் கருத்து.

தொடக்கநிலை வாசகர் இந்தத் தீர்ப்பில் ஒரு நடைமுறை நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். குற்ற வழக்கில் பொதுவாகத் தண்டனை விதிக்கப்பட்ட பிறகே மேல்முறையீடு செய்ய முடியும். மெக்கின்டாஷ் வழக்கில் வந்தவர்களோ விசாரணை முடியும் முன்பே வந்தார்கள். அவர்கள் கேட்டது அரசு இந்த வழக்குக்காகப் பணம் செலவிடுவதற்குத் தடையுத்தரவு. தடையுத்தரவு மறுக்கப்பட்டால் உடனே மேல்முறையீடு செய்யலாம் என்ற பொது விதி அவர்களுக்குக் கைகொடுத்தது. இதற்கு நீதிமன்றம் ஒரு கடுமையான நிபந்தனையும் விதித்தது: மாநிலச் சட்டத்தின் ஒவ்வொரு விதியையும் அப்படியே பின்பற்றியவருக்கே இந்தப் பாதுகாப்பு உண்டு. விநோதமான ஒரு திருப்பம் இது. முன்பு மாநிலச் சட்டத்தைப் பற்றிப் பேசவே முடியாத ஃபெடரல் நீதிமன்றத்தில், இப்போது மாநிலச் சட்டத்தின் செடிக் கணக்கும் அடையாள அட்டை விதியும் நாட்கணக்கில் விசாரிக்கப்படுகின்றன. கூடவே தீர்ப்பு ஒரு எச்சரிக்கையையும் விடுத்தது: இது மன்னிப்பு இல்லை, காங்கிரஸ் நாளைக்கே பணத்தை மறுபடி கொடுத்தால், வழக்குத் தொடுப்பதற்கான ஐந்தாண்டுக் காலக்கெடு முடியும் முன் அதே செயலுக்காக மீண்டும் வழக்கு வரலாம்.

அடுத்து வந்த வழக்குகள் இந்த வாசலின் அளவை நிர்ணயித்தன. பிரிவு அமலுக்கு வருவதற்கு முன்பே வழங்கப்பட்டுவிட்ட தண்டனையை அது தானாக ரத்து செய்யாது என்று 2017-இல் கிளைன்மன் வழக்கில் ஒன்பதாம் சர்க்யூட் கூறியது. வேறு மாநிலங்களுக்குச் சரக்கு அனுப்பியவருக்குக் கலிஃபோர்னியா சட்டம் எப்படியும் துணை நிற்காது. விதிகளைப் பின்பற்றினோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருடையது என்று 2019-இல் முடிவானது. 2022-இல் மெயின் மாநிலத்து வழக்கான பிலடோவில் முதலாம் சர்க்யூட், 'ஒவ்வொரு விதியையும் அப்படியே' என்ற அளவுகோலை ஏற்கவில்லை. சிறு தவறுக்கெல்லாம் மத்திய அரசின் சிறை காத்திருக்கிறது என்றால் மாநிலத் திட்டத்தில் யாரும் சேரத் துணியமாட்டார்கள் என்பது அதன் கவலை. ஆனாலும் உரிமத்தைத் திரையாக வைத்துக்கொண்டு, நோயாளிகளே அல்லாதவர்களுக்கு விற்றவர்களுக்கு அந்தத் தாராளம் பயன்படவில்லை. ஆகவே ஒரே வகைப் பிழை பாஸ்டனில் பொறுத்துக்கொள்ளப்படலாம், சான் பிரான்சிஸ்கோவில் சிறைக்கு வழிவகுக்கலாம். இத்தனைக்கும் இந்தப் பிரிவு மருத்துவக் கஞ்சாவுக்கு மட்டுமே பொருந்தும். கடையில் வாங்கி இன்பத்துக்காகப் புகைப்பதற்கு இதில் ஒரு வரியும் கிடையாது.

இரண்டாவது வாசல், ஒருவருடைய பழைய தண்டனைகள். மத்தியச் சட்டத்தில், முன்பு செய்த குற்றங்களுக்காகத் தண்டனையைக் கூட்டும் விதிகள் பல உண்டு. மூன்று முன்தண்டனைகள் உள்ள ஒருவர் துப்பாக்கியோடு பிடிபட்டால் குறைந்தது பதினைந்து ஆண்டு என்கிறது அவற்றில் ஒன்று. கடுமையான போதைப்பொருள் குற்றத்துக்காக மாநில நீதிமன்றம் விதித்த தண்டனையும் அந்த மூன்றில் சேரும். மாநிலத்தின் 'கஞ்சா'வும் மத்திய அரசின் 'கஞ்சா'வும் ஒரே பொருளா என்ற கேள்வி இங்கே வருகிறது. 1990-இலிருந்து உச்ச நீதிமன்றம் கைக்கொண்டுவரும் முறைப்படி, அந்த மனிதர் உண்மையில் என்ன செய்தார் என்று நீதிபதி பார்க்கக்கூடாது. இரு சட்டங்களின் வாசகங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். மாநில வாசகம் மத்திய வாசகத்தைவிட அகலமாக இருந்தால், அந்த முன்தண்டனை கணக்கில் சேராமல் போகலாம்.

2018-ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம், போதைப் பொருளான டெல்டா-9 டிஎச்சி 0.3 சதவீதத்துக்கு மிகாத செடியை 'ஹெம்ப்' எனப்படும் சணல் வகை என்று பிரித்து, மத்தியக் கஞ்சா வரையறையிலிருந்து நீக்கியது. அதற்கு முந்தைய மாநிலச் சட்டங்கள் பலவற்றில் இந்தப் பிரிவினை இல்லை. உடனே நாடெங்கும் மேல்முறையீடுகள் கிளம்பின: என்னைத் தண்டித்த மாநிலச் சட்டம் சணலையும் சேர்த்துத் தடை செய்தது, மத்தியச் சட்டம் இப்போது அதைத் தடை செய்யவில்லை, எனவே என் பழைய தண்டனையைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று. பிடிபட்டபோது அவர் கையில் இருந்தது சணல் இல்லை, முழு வீரியக் கஞ்சாதான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும் வாதம் வாதமே. எந்த நாளின் மத்திய அட்டவணையை எடுத்து ஒப்பிடுவது என்பதில் சர்க்யூட்கள் பிரிந்து நின்றன. 2024 மே மாதம் பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் விடை சொன்னது: மாநிலக் குற்றம் நிகழ்ந்த நாளில் அந்தப் பொருள் மத்திய அட்டவணையில் இருந்திருந்தால் போதும், பின்னால் வந்த மாற்றம் அவருக்கு உதவாது. இது துப்பாக்கிச் சட்டத்துக்கான விடை மட்டுமே. தண்டனையின் அளவை முடிவு செய்ய ஃபெடரல் நீதிபதிகள் பார்க்கும் தண்டனை வழிகாட்டு விதிகளில் வரும் 'கட்டுப்படுத்தப்பட்ட பொருள்' என்ற சொல் மத்திய அட்டவணையை மட்டும் குறிக்கிறதா, மாநில அட்டவணையையும் குறிக்கிறதா என்பதில், நியூயார்க்கை உள்ளடக்கிய இரண்டாம் சர்க்யூட் 2018-இல் ஒன்றும், வர்ஜீனியாவை உள்ளடக்கிய நான்காம் சர்க்யூட் 2020-இல் மற்றொன்றும் சொல்லின. 2022-இல் நீதிபதிகள் சோட்டோமயோரும் பாரெட்டும், இந்த முரண்பாட்டை, அந்த விதிகளை வகுக்கும் தண்டனை ஆணையமே தீர்த்துவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள்.

இதே ஒப்பீட்டு முறை குடிவரவு வழக்குகளிலும் செல்லும். அமெரிக்காவில் பச்சை அட்டையோடு வாழும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. குடிவரவுச் சட்டம் முழுக்க மத்திய அரசுடையது. தூனிசியாவிலிருந்து வந்து நிரந்தர வசிப்புரிமை பெற்றிருந்த ஒருவர், கான்சாஸ் மாநிலத்தில் காலுறைக்குள் சில மாத்திரைகளை மறைத்து வைத்திருந்ததற்காகச் சிறு தண்டனை பெற்று, அதன் பேரிலேயே நாடு கடத்தப்பட்டார். கான்சாஸ் பட்டியலில் மத்தியப் பட்டியலில் இல்லாத பொருள்களும் இருந்தன என்ற காரணத்தால் 2015-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது. கலிஃபோர்னியாவில் கடை வைத்து விற்கப்படுவதாலேயே கஞ்சா குடிவரவு அலுவலரின் கண்ணில் குற்றமற்றதாகிவிடாது. ஃபெடரல் சிறையிலிருந்து விடுதலையாகிக் கண்காணிப்பில் இருப்பவருக்கும் நிலைமை இதுதான். மாநிலம் கொடுத்த நோயாளி அட்டை கையில் இருந்தாலும், மத்தியச் சட்டம் தடைசெய்த பொருளை வைத்திருக்கக்கூடாது என்பது அவருடைய விடுதலையின் கட்டாய நிபந்தனை.

மோதல் எதிர்த்திசையிலும் வருவதுண்டு. மாநில நீதிமன்றமே மத்தியச் சட்டத்தைக் கண்டு பின்வாங்கும் சந்தர்ப்பம் அது. மருத்துவக் கஞ்சா வைத்திருந்தவர் விடுதலையானால், கைப்பற்றிய கஞ்சாவைப் போலீசார் அவரிடமே திருப்பித் தர வேண்டும் என்கிறது கொலராடோ அரசமைப்பு. ஜூரியால் விடுவிக்கப்பட்ட ஒருவர் அப்படித் திரும்பக் கேட்டபோது, அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது: கஞ்சாவை ஒருவர் கையில் கொடுப்பது மத்தியச் சட்டப்படி விநியோகக் குற்றம், போலீஸ்காரரைக் குற்றம் செய்யச் சொல்கிறீர்களா? ரோசென்தால் காட்டிய அதே அலுவலர் பாதுகாப்புப் பிரிவு மீண்டும் மேடைக்கு வந்தது. மாநில விதியை அமலாக்கும் போலீசாரை அந்தப் பிரிவு காக்கும் என்று சொல்லி ஓரிகன், கலிஃபோர்னியா நீதிமன்றங்கள் முன்பே கஞ்சாவைத் திருப்பிக் கொடுக்க வைத்திருந்தன. 2017-இல் குரவுஸ் வழக்கில் கொலராடோ உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று வேறு முடிவுக்கு வந்தது. 'முறைப்படி' அமலாக்குபவருக்கே பாதுகாப்பு என்கிறது பிரிவு. மத்தியச் சட்டம் தடுக்கும் ஒன்றைச் செய்வது முறைப்படியான செயலாக முடியாது. ஆகவே கொலராடோவின் விதி மத்தியச் சட்டத்தோடு நேரடியாக மோதுகிறது, அந்த அளவுக்கு அது செல்லாது என்றது பெரும்பான்மை. கொலராடோவில் ஆளுக்கு ஆள் கடையில் கஞ்சா வாங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவரின் கஞ்சாவைத் திருப்பித் தரும் கடமை போலீசாருக்கு இல்லாமல் போயிற்று.